தேனீயைத் துரத்தும் உரிமை

லண்டன் தமிழ் வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மெடிசின். கிடைக்காவிட்டால் டென்டிஸ்ட்ரி. அதுவும் சரிவராவிட்டால் ஃபார்மசி, கண் பரிசோதனை. அதற்குக் கீழே எஞ்சினியரிங், அக்கவுண்டன்சி, லோ மூன்றும் ஒரே தட்டில். ‘லோ வித் ஸ்பானிஷ்’ இதில் எந்தத் தட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. வரிசையை நித்திரையிலும் ஒப்பிக்கக்கூடிய என் அம்மாவுக்கே தெரியவில்லை. ஆகவே கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அவர் என் பட்டத்தைப் பாதியாக நறுக்கினார். “மகள் லோ செய்யிறா.” யாராவது கிண்டிக் கேட்டால், “ஓம், அதோட ஒரு பாஷையும் சும்மா சேர்த்துக் குடுக்கிறாங்கள்.”

அப்போது வருடத்துக்கு 9,000 பவுண் கட்டணம். அந்தச் சும்மாவுக்கு அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மாவின் உண்மையான கவலை வேறு. இங்கிலாந்தில் சட்டப் படிப்பு மூன்று வருடம். மொழி சேர்ந்தால் நான்கு, மூன்றாவது வருடம் ஸ்பெயினில். “மூண்டு வருசப் படிப்பை நாலு வருசம் படிச்சா சனம் என்ன நினைக்கும்? ஃபெயில் எண்டுதான் நினைக்கும்.”

அப்போது விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று 4,000 எழுத்துகளுக்குள் எழுத வேண்டியிருந்தது. இந்த இரட்டைப் படிப்புக்கு விண்ணப்பித்த யாரைக் கேட்டாலும் நாங்கள் எழுதியது ஒரே கதைதான்: பினோசே. 1998 அக்டோபரில் வைத்தியத்துக்காக லண்டன் வந்திருந்த சிலியின் முன்னாள் சர்வாதிகாரியை, பல்தாசார் கார்சோன் என்ற ஸ்பானிய நீதிபதியின் பிடியாணையில் ஆஸ்பத்திரியில் வைத்தே கைது செய்தார்கள். அவருக்கு விலக்குரிமை இல்லை என்று பிரபுக்கள் சபை 3க்கு 2 எனத் தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்த்தால், தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான ஹொஃப்மன் பிரபுவுக்கு, அதே வழக்கில் வாதாடிய ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலோடு தொடர்பு இருந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு ரத்தானது. மறுபடி ஏழு பேர் உட்கார்ந்து 6க்கு 1 என்றார்கள். எல்லாம் முடிந்து, 2000 மார்ச்சில் உடல்நிலை சரியில்லையென்று அவரைத் திருப்பி அனுப்ப, சாண்டியாகோ விமான நிலையத்தில் அந்த நோயாளி சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்தார். இந்தச் சம்பவம் ‘சிறுவயதிலேயே என்னை உலுக்கியது’ என்று எழுதியிருந்தேன். அவரைக் கைது செய்தபோது எனக்கு இரண்டு வயது. இடம் கிடைத்துவிட்டது.

ஆங்கிலச் சட்டம் எனக்கு முதல் வாரத்திலேயே பிடிபட்டதற்கு என் மாமிமார்தான் காரணம். இங்கே நிறையச் சட்டம் எங்கேயும் சட்டமாக எழுதிவைக்கப்படவில்லை. முன்பு ஒருவருக்கு என்ன செய்தார்கள், அதையே இவருக்கும் செய், அவ்வளவுதான் முன்தீர்ப்பு. என் மாமிமார் குடும்பம் நடத்துவதும் இப்படித்தான். மூத்தவளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்தார்கள், ஆகவே இளையவளுக்கும் மண்டபம். அதைத் தட்டிக்கழிக்க வேண்டுமென்றால், “அது வேற கதை, அப்ப கனடாவில இருந்து ஆக்கள் வந்தவை,” என்று வேறுபடுத்திக் காட்ட வேண்டும். பழைய தீர்ப்பு பிழை என்று யாரும் சொல்வதில்லை. இந்தச் சங்கதிக்கு அது பொருந்தாது என்றுதான் சொல்வார்கள். அம்மம்மா ஒரு காலத்தில் சொன்னது எல்லோரையும் கட்டுப்படுத்தும். அம்மம்மா என்ன சொன்னார் என்பதில் மட்டும் ஆளுக்கொரு அறிக்கை. சட்டப் பீடத்தில் இதைக் கற்பிக்க ஒரு தவணை எடுத்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

கதைகளும் நல்ல கதைகள். 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் டொனஹியூ என்ற பெண்மணிக்கு ஒரு சிநேகிதி இஞ்சிபீர் வாங்கிக் கொடுக்கிறார். போத்தல் கறுப்பு, உள்ளே என்ன என்று தெரியாது. பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றினால் அழுகிய நத்தை விழுகிறது. காசு கொடுத்தது சிநேகிதி என்பதால் கடைக்காரரோடு இவருக்கு ஒப்பந்தம் கிடையாது. அப்படியானால் போத்தலில் அடைத்து விற்றவருக்குப் பொறுப்பு உண்டா? உண்டு என்று 1932இல் பிரபுக்கள் சபை சொன்னது. கவனக்குறைவு பற்றிய நவீனச் சட்டம் முழுக்க இந்தப் போத்தலிலிருந்துதான் வருகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், போத்தலுக்குள் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவேயில்லை. இருந்ததாக வைத்துக்கொண்டால் சட்டம் என்ன என்பதோடு முடித்துவிட்டார்கள். இது மாமிமாரின் வேலையேதான்.

ஸ்பானிஷ் வகுப்பு வளாகத்தின் மறு மூலையில், வேறு கட்டடத்தில். சட்ட விரிவுரை பதினொன்றுக்கு முடியும், ஸ்பானிஷ் பதினொன்றுக்குத் தொடங்கும். இங்கே படித்த மூன்று வருடமும் நான் ஒரு வகுப்பின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் கேட்டதில்லை. அங்கே போனால் “சட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள்” என்பார்கள். இங்கே வந்தால் “மொழிப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்” என்று விரிவுரையாளர் அனுதாபத்தோடு பார்ப்பார்.

ஸ்பானிஷில் என் மானத்தைக் காப்பாற்றியது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே ஒரு ரீச்சர் வல்லின றகரத்தை உருட்டவைத்தே எங்கள் பிள்ளைப் பருவத்தை முடித்தவர். ஸ்பானிஷிலும் உருட்டாத ரகரம் ஒன்று, உருட்டும் றகரம் ஒன்று. வகுப்பிலிருந்த ஆங்கிலேயப் பிள்ளைகள் நாய் என்று சொல்ல முயன்று, தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருக்க, நான் ஒரே மூச்சில் உருட்டிக் காட்டினேன். வினைச்சொல் திரிபுகளில் நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை.

இலக்கியப் பாடத்தில் டொன் கிஹோத்தே வந்தது. 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், பகிடிக்காக சாஞ்சோ பான்சாவை ஒரு ‘தீவுக்கு’ ஆளுநராக்குகிறார்கள். எழுத்து வாசனை இல்லாத அந்த மனிதர் முன்னால் ஒரு வழக்கு வருகிறது. ஒரு கிழவர் இன்னொரு கிழவரிடம் பத்துப் பொற்காசு கடன் வாங்கியவர், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்யப்போகிறார். சத்தியத்துக்குக் கை வேண்டுமே, தன் கைத்தடியைக் கடன் கொடுத்தவரிடமே பிடிக்கத் தருகிறார். சத்தியம் செய்கிறார், தடியை வாங்கிக்கொண்டு நடக்கிறார். சாஞ்சோ கூப்பிட்டு அந்தத் தடியை முறி என்கிறார். உள்ளே பத்துக் காசும். சத்தியம் செய்த கணத்தில் காசு உண்மையிலேயே கடன் கொடுத்தவர் கையில்தான் இருந்தது! மரியாதைராமன் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் கை துறுதுறுத்தது. சாஞ்சோவின் தீர்ப்புகளைச் சட்டக் கண்ணோடு பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி, இரண்டு பக்கமும் காட்டினேன். சட்ட ஆசிரியர் ஓரத்தில், “இதற்கான முன்தீர்ப்பு எங்கே?” என்று எழுதினார். ஸ்பானிஷ் ஆசிரியரின் குறிப்பு: “பத்திகளுக்கு ஏன் எண் போட்டிருக்கிறீர்கள்?”

இரண்டாம் வருடத்தில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாயப் பாடம். அதில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்த ஒரு வழக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் கொடியில் படகுகளைப் பதிவு செய்து ஸ்பானிய மீனவர்கள் பிரிட்டனின் பங்கு மீனைப் பிடிக்கிறார்கள் என்று, 1988இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அவர்களைத் தடுத்தது. ஃபக்டர்டேம் என்ற கம்பெனி வழக்குக்குப் போனது. 1990இல் பிரபுக்கள் சபை, ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்பதால் சொந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் சட்டத்தையே நிறுத்திவைத்தது. நான் இதைக் கரைத்துக் குடித்து மே மாதம் பரீட்சை எழுதினேன். ஜூன் 23இல் ஒன்றியத்தை விட்டு விலக நாடு வாக்களித்தது. மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே அப்பா செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நீர் படிச்சது?”

அந்த செப்டெம்பரில் வலென்சியா போய் இறங்கினேன். வீட்டுக்காரம்மா, சந்தைக்கடையில் தோடம்பழம் விற்பவர், சட்டப் பீட வாயிற்காவலர் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான்: ஏன் விலகுகிறீர்கள்? முழு பிரிட்டனுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு வெம்பிளியிலிருந்து போன ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் தலையில் விழுந்தது.

அங்கே சட்டம் வேறு சாதி. 1889ஆம் ஆண்டு சிவில் சட்டத்தொகுப்பு கையில் அடங்குகிற ஒரு புத்தகம். எல்லோரும் அதைப் பல நிறப் பேனாவால் கோடு போட்டு, காதுகள் ஒட்டி, பஸ்ஸிலும் மடியில் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஆயிரம் பக்கம் தாண்டும் அந்த நத்தைப் பாடம் முழுவதும் அங்கே 1902ஆம் பிரிவில் ஒரே வாக்கியம்: தவறோ கவனக்குறைவோ கலந்த செயலாலோ செய்யாமையாலோ பிறருக்குத் தீங்கு விளைவித்தவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். முடிந்தது. முதல் வகுப்பில் நான் கை உயர்த்தி, “இதற்கு வழக்கு என்ன?” என்று கேட்டேன். பேராசிரியர் என்னைக் கனிவாகப் பார்த்தார். “வழக்கு எதற்கு? பிரிவு இருக்கிறதே.”

கதை இல்லாத சட்டத்தை எப்படிப் படிப்பது? சில வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பிறகு ஒருநாள் நூலகத்தில் 612ஆம் பிரிவு கண்ணில் பட்டது. தேனீக் கூட்டத்தின் சொந்தக்காரர் அதைத் துரத்திக்கொண்டு அடுத்தவர் காணிக்குள் போகலாம். சேதத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். வேலி அடைத்த காணி என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து துரத்தாமல் விட்டால், தேனீ காணிக்காரருக்கு. அடுத்த பிரிவு இன்னும் மேல்: புறா, முயல், மீன் ஆகியவை தங்கள் வளர்ப்பிடத்தை விட்டு வேறொருவரின் வளர்ப்பிடத்துக்குப் போனால் அவை இனி அவருக்கே, தந்திரமோ மோசடியோ செய்து கவர்ந்திழுக்காத வரையில். புறாவை மயக்குவதற்கு மோசடி செய்கிற ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டுமென்றால் எத்தனை ஊரில் எத்தனை வேலிச் சண்டை நடந்திருக்க வேண்டும்! கதைகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் புத்தகத்தோடு பகை இல்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு என் படிப்பில் ஒரு பிரிவு மட்டும் தேவைப்பட்டது. மத்ரித்தில் இருக்கும் மகன் போன் எடுப்பதில்லை. அவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் எல்லாவற்றையும் மகளுக்கு எழுத முடியுமா? சமையலறையில் வைத்துப் புத்தகத்தைப் பிரித்தேன். முடியாது. சொத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போயே ஆகவேண்டும். இன்னொரு பங்கைப் பிள்ளைகள் வழிக்குள் விரும்பியவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம். மூன்றாவது பங்குதான் உங்கள் இஷ்டம். மகனை அடியோடு விலக்க வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் காரணம் வேண்டும்: பெற்றவருக்குச் சோறு போட மறுத்தது, கடுமையாகத் துன்புறுத்தியது, மோசமாகத் திட்டியது. மனரீதியான கொடுமையையும் 2014இல் உச்ச நீதிமன்றம் இதில் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஈஸ்டருக்கு வந்தபோது என் ஃபிதெவாவில் உப்பு இல்லை என்றான். அது சேருமா?”

இதை அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். இங்கிலாந்தில் அப்படி இல்லை, உயில் எழுதுபவர் விரும்பினால் நாய்கள் காப்பகத்துக்கே எல்லாவற்றையும் எழுதலாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப நாங்கள் லண்டனில இருக்கிறது எவ்வளவு நல்லது,” என்றார் அம்மா. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க நான் மறந்ததில்லை.

ஸ்பெயினிலும் எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் கிடையாது. கத்தலோனியா, அரகோன், நவார்ரா எல்லாவற்றுக்கும் வாரிசுரிமையில் தனித்தனி வழமை. நவார்ராவில் பிள்ளைக்குக் கட்டாயம் போக வேண்டிய பங்கு, மரபுப்படி, ஐந்து செல்லாக்காசும் பொது மலையில் ஒரு துண்டு நிலமும். கொடுத்ததாகப் பேர், அவ்வளவுதான். பேராசிரியர் என்னிடம் உங்கள் ஊரில் இப்படி ஏதும் உண்டா என்று கேட்டபோது, யாழ்ப்பாணத்தில் தேசவழமை இருக்கிறது, 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதியது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்றேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த வருடம் முழுவதிலும் நான் பிரிட்டிஷ்காரியாக இல்லாமல் பேசிய ஒரே ஐந்து நிமிடம் அதுதான்.

என் அறைத் தோழி நீதிபதியாவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் பட்டம் முடித்தவர்கள் நேரே பரீட்சை எழுதி நீதிபதியாகலாம். 300க்கு மேற்பட்ட தலைப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டும். பரீட்சையில் குலுக்கல் பந்து எடுப்பார்கள். விழுந்த தலைப்புகளை நேரக் கணக்கு வைத்து வாயால் ஒப்பிக்க வேண்டும். இதைப் ‘பாடுவது’ என்றே சொல்கிறார்கள். வாராவாரம் ஒரு பழைய நீதிபதியின் வீட்டுக்குப் போவாள், அவர் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இவள் குளியலறையில் அடைமானச் சட்டம் பாடுவாள். பாதியில் விட்டால் அடுத்த சொல்லிலிருந்து தொடங்க வராது, முதலிலிருந்து வரவேண்டும். திருக்குறள் மனனப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய அனுபவத்தில் சொன்னேன்: கை தட்டித் தாளம் வைத்துக்கொள். அது அவளுக்கு உதவியது. பிரதமராக இருந்த மரியானோ ரஹோய் அரசியலுக்கு முன் இதேபோல் மனனம் செய்து சொத்துப் பதிவாளரானவர் என்றும், அப்போது அவருக்கு வயது 24 என்றும் அவள் பொறாமையோடு சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை வகுப்பை விட்டுவிட்டுப் பேராலயத்துக்குப் போனேன், தண்ணீர் நீதிமன்றம் பார்க்க. வலென்சியாவின் வயல்களுக்குத் துரியா ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வாராவாரம் நண்பகலில் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறார்கள். யுனெஸ்கோ 2009இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த நீதிமன்றம். கறுப்பு மேலங்கி போட்ட விவசாயிகள் வந்து, இரும்புக் கிராதிக்குள் வட்டமாகப் போட்ட மர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கைகள் இன்னும் வயல் மண்ணோடு இருந்தன. மணி பன்னிரண்டு அடித்ததும் சேவகர் ஒவ்வொரு வாய்க்காலாகப் பேர் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கூவினார். எல்லாம் வாயால்தான், மனு கிடையாது, மேன்முறையீடு கிடையாது. வழக்கு இருந்தால், யார் பேச வேண்டும் என்று தலைவர் காலால் சுட்டிக் காட்டுவாராம். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு வாய்க்காலும் கூவி முடிய எழுந்து போய்விட்டார்கள். நான் தொலைபேசியை எடுத்துப் படம் எடுப்பதற்குள் சபை கலைந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விவரம் கேட்டேன். இந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை, அவரவர் தாங்களே பேச வேண்டும். பேசுவதும் ஸ்பானிஷ் கிடையாது, வலென்சியன்.

சட்டமும் ஸ்பானிஷும் படிக்க வந்த பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

திரும்பி வந்து நான்காம் வருடத்தை முடித்தேன். ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்தேன். நேர்முகத்தில் என் ஸ்பானிஷை மிகவும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், அப்பாவின் சிநேகிதரான ஒரு மாமா. போன பங்குனியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு கோப்பு. 2003இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவுக்கு விடுமுறை போனபோது, மத்தியானச் சாப்பாடு இலவசம் என்று யாரோ கூட்டிப்போய், பின்னேரம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்டில் ஒரு வாரம், குறிப்பிட்ட ஒரு விடுதியில், அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும். பராமரிப்புக் கட்டணமும் என்றென்றைக்கும். அது வருடாவருடம் ஏறுகிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை.

நான் ஸ்பெயினில் வழக்கறிஞர் இல்லை, அங்கே ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்பானிஷ் பிரதியை மேசையில் விரித்து வாசித்தேன். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட பகிர்வுரிமைக்கு ஆயுள் கூடியது 50 வருடம். முடிவு தேதி இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. பிரிவும் இருந்தது, வழக்கும் இருந்தது, இரண்டும் ஸ்பானிஷில் இருந்தன. நாலு வருடத்தில் படித்த எல்லாம் ஒரே மேசையில் வந்து நிற்கிற அந்த நேரத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அம்மா தேத்தண்ணியோடு வந்து கதவடியில் நின்று கேட்டார்.

“மாமா, வடிவாக் கேளுங்கோ. இந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது எண்டு வாதாடலாம். கட்டின காசிலும் ஒரு பகுதி திரும்பக் கேட்கலாம்.”

மாமா கோப்பை மூடினார். முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

“அது சரி பிள்ளை,” என்றார், “ஆனா இந்த ஓகஸ்டுக்கு டிக்கெட் போட்டாச்சு. போயிட்டு வந்து செல்லாமல் பண்ணேலாதோ?”